விசிறியைக் கடைசியில் மாட்டணும்

ஜனவரி 12

மாப்பிள்ளைக்கு,

நீங்க அனுப்பின போட்டோ பார்த்தேன். இடது இறக்கையோட ஓரத்துல ஒழுகி நிக்குதே, அது பசையா, இல்ல பக்கத்துல யாராவது மூக்குச் சிந்தினாங்களா? சாப்பிடுறதுக்கு முன்னாடி பார்த்துத் தொலைச்சேன். சோறு இறங்கல.

இதைப் போன்லயே சொல்லியிருக்கலாம். போன தடவை நான் கத்த, நீங்க "சிக்னல் சரியில்ல மச்சான்"னு வச்சிட்டீங்க. எழுதினா நடுவுல வைக்க முடியாது. அதனால இனிமே எழுத்துதான்.

இந்த விமானப் பெட்டியை உங்களுக்கு அனுப்பினதுக்கு ஒரே காரணம் என் தங்கச்சி. "அண்ணா, ஞாயித்துக்கிழமை ஆனா இவர் சாய்ஞ்சு உக்காந்துக்கிட்டு, நான் துணி மடிக்கிறதுக்கு மார்க் போடுறார். கைக்கு ஏதாவது வேலை கொடு"ன்னா. நானும் பன்னெண்டு வருஷமா இந்த ரிமோட் விமானம் விடுற பைத்தியம். சரி, மனுஷன் உருப்படட்டும்னு அனுப்பினேன். அந்த நுரைப் பலகையை அறுக்கிறதுக்கு நீங்க என்னத்தை வச்சீங்க? பல்லாலயா?

கேளுங்க. நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருஷமா, நான் தனியா ஏறி இறங்காத எந்தப் பெட்டியிலயும் இன்னொரு மனுஷனை ஏத்தினது இல்ல. அந்தப் புத்தியிலதான் சொல்றேன்.

இறக்கைக்கு அடியில, முன் ஓரத்துலேர்ந்து நாலு விரற்கடை தள்ளி, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு விரலைக் கொடுத்துத் தூக்குங்க. மூக்கு லேசாத் தாழ்ந்து நிக்கணும். வால் தொங்கினா பேட்டரியை முன்னாடி நகர்த்துங்க. அப்புறம், ரிமோட்டுல வலது குச்சியை வலதுபக்கம் தள்ளினா வலது இறக்கையோட மடல் மேல போகணும். கீழ போச்சுன்னா தலைகீழாத்தான் பறக்கும். ரிமோட்டைத்தான் முதல்ல போடணும், கடைசியிலதான் அணைக்கணும். விமானத்துல பேட்டரி இருக்கிற வரைக்கும் ரிமோட் உயிரோட இருக்கணும். முக்கியமா, மூக்குல இருக்கிற விசிறியைக் கடைசியில மாட்டணும். எல்லாத்தையும் சோதிச்சு முடிச்சு, மைதானத்துக்குப் போய், கிளம்புறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி. வீட்டு மேசையில விசிறியோட சோதிக்கிறவனை நான் கிட்டச் சேர்க்கிறதில்ல.

அந்தச் சளியைச் சுரண்டி எடுங்க.

மச்சான்


ஜனவரி 20, சனிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வாசித்ததும் கண்ணாடி முன்னால் போய் நின்று, நான் மனிதன்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பரவாயில்லை. பத்தொன்பது வருடமாக மெத்தை விற்கிறவன் நான். கடைக்குள் வந்து, படுத்துப் பார்த்து, தூங்கி எழுந்து, "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிற வாடிக்கையாளரையே வாசல் வரை வந்து வழியனுப்புகிறவன். தாங்கள் எம்மாத்திரம்!

விமானம் தயார். நீலமும் வெள்ளையும். வரவேற்பறையில் வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் எல்லாம் அசந்துபோகிறார்கள். தங்கள் தங்கையும் ஏதோ உதவினாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இருந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைப் படிங்க, இந்தப் பக்கத்தைப் படிங்க" என்று பின்னாலேயே சுற்றினாள். எனக்கு எந்தப் பொருளையும் கையில் எடுத்தாலே புரிந்துவிடும். அஞ்சு திருகாணி மிச்சம். கம்பெனிக்காரன் எப்போதும் உபரியாகத்தான் போடுவான்.

விசிறியை மாட்டிவிட்டேன். கோபப்படாதீர்கள். அது இல்லாமல் பார்த்தால் மூக்கறுந்த முகம் மாதிரி இருந்தது. ரிமோட்டையும் விமானத்தையும் இணைத்தாகிவிட்டது, பச்சை விளக்கு எரிகிறது. ரிமோட் பேட்டரி சீக்கிரம் தீருகிறது, அதனால் நாளை வேலை முடிந்த கையோடு முதல் வேலையாக ரிமோட்டை அணைத்துவிடப் போகிறேன். சிக்கனம்!

நாளை ஞாயிறு காலை, குடியிருப்புக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் முதல் பறப்பு. குடியிருப்புச் சங்கத்தின் துணைத் தலைவர் நானே என்பதால் அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மா விமானத்துக்கு அளவெடுத்து ஒரு பை தைத்துக்கொண்டிருக்கிறார். ஜிப் வைத்து! அதையும் நாளை மைதானத்துக்கே கொண்டுவருகிறார்.

தாங்கள் இங்கே இல்லையே என்பதுதான் குறை.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை


ஜனவரி 25

மாப்பிள்ளைக்கு,

ஞாயித்துக்கிழமை நீங்க போன்ல சொன்னதைக் கேட்டதுலேர்ந்து எனக்குக் கை ஓடல. உங்க சனிக்கிழமைக் கடிதம் நேத்துதான் வந்துச்சு. பாதிதான் படிச்சேன், அந்த உற்சாகத்தைச் சகிக்க முடியல. மேசை டிராயர்ல போட்டுட்டேன்.

ரெண்டு விரல்! தையல்காரம்மாவுக்கு வலது கையில ரெண்டு விரலை விசிறி வெட்டியிருக்கு. நரம்பு அறுந்திருக்குன்னு டாக்டர் சொன்னாராம். துணி வெட்டிப் பிழைக்கிறவங்க கை.

நீங்க சொன்னபடியே நான் தங்கச்சியைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்டேன்னு சொல்றது பொய், திட்டினேன். "அவர் பையைப் பாக்கத் திரும்பின நேரத்துல உன்னை யாரு குச்சியைத் தொடச் சொன்னது? சின்ன வயசுலேர்ந்து உனக்கு இந்தக் கை அரிப்பு போகல. ஒரு பொம்பளையோட பிழைப்பையே கெடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா?"ன்னேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு வச்சிட்டா. அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல.

உங்களையும் விட மாட்டேன். விசிறியை மாட்டி மைதானத்துல மேசையில வச்சது நீங்க. ஆனா குச்சியைத் தொட்டது அவ. பெத்தவங்க போனப்புறம் நான் வளர்த்த பொண்ணு. எனக்கே அசிங்கமா இருக்கு.

அந்த விமானத்தை இனிமே யாரும் தொடக் கூடாது. எனக்கு அனுப்பிடுங்க.

மச்சான்


பிப்ரவரி 14

அன்பு மச்சானுக்கு,

தாங்கள் கேட்டபடி விமானத்தைப் பெட்டியில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ரிமோட்டும் உள்ளே இருக்கிறது. மூக்குப் பகுதி நசுங்கியிருக்கிறது, விசிறியின் ஒரு இதழ் முனை உடைந்துவிட்டது. மற்றபடி நல்ல நிலையில்தான் இருக்கிறது. அவசரமில்லை, தங்களுக்கு ஓய்வு கிடைக்கும்போது சரிசெய்து அனுப்பினால் போதும். ஏப்ரலில் மைதானம் காய்ந்திருக்கும், காற்றும் குறைவாக இருக்கும் என்கிறார்கள்.

இங்கே நிலைமை சரியில்லை. சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். தங்கள் தங்கை ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இரண்டே வரி. "என் வீட்டிலிருந்து வந்த பொருளால் இது நேர்ந்தது, வருந்துகிறேன்" என்று. அதை நுழைவாசல் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். போகிறபோதும் வருகிறபோதும் கண்ணில் படுகிறது. எனக்கு எவ்வளவு சங்கடம் என்று நினைத்துப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய கூத்து, அவள் வீட்டிலேயே இல்லை. பன்னிரண்டு நாளாகத் தையல்காரம்மா வீட்டில் இருக்கிறாள். அந்த அம்மா வாயால் சொல்லச் சொல்ல, இவள் வெட்டுகிறாள், தைக்கிறாள், பட்டன் வைக்கிறாள். எடுத்த ஆர்டரெல்லாம் கெட்டுவிடக் கூடாதாம். படித்த பெண், அடுத்தவர் வீட்டில் தரையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறாள்! மாடிப்படியில் எதிரே வந்தால்கூட என்னைக் கடந்து போகிறாள், ஏதோ குழாய் ரிப்பேர்காரன் வந்த மாதிரி. சட்டைக்கு இஸ்திரி இல்லை. மூன்று வேளையும் ரொட்டி.

தாங்கள் சொன்னால் கேட்பாள். தயவுசெய்து சொல்லுங்கள்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 22

மாப்பிள்ளைக்கு,

தங்கச்சியோட வீட்டுக்காரருங்கிற மரியாதைக்கு இன்னமும் "நீங்க"ன்னுதான் எழுதுறேன். எழுதுற பேனாவுக்கே வாந்தி வருது.

நேத்து மத்தியானம், சாப்பாட்டு நேரத்துல, பட்டறையில உங்க பெட்டியைப் பிரிச்சேன். விமானத்தை நீங்க துடைக்கக்கூட இல்ல. விசிறியோட குமிழ்ல காஞ்ச ரத்தம், துரு மாதிரி. விரிசல்ல ஒரு நூல் மாட்டியிருந்துச்சு, பச்சை நூல், அந்தப் பையோட நூலா இருக்கும். அதுலயும் கறை. இதை அப்படியே நாலு மடிப்புப் பழைய செய்தித்தாள்ல சுத்தி, மேல "கவனமாகக் கையாளவும்"னு எழுதியிருக்கீங்க. பொம்மைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு! பக்கத்துல டிபன் பிரிச்ச என் கூட்டாளி எந்திரிச்சு வெளியே போயிட்டான்.

அதை நான் கழுவினேன், நீங்க கழுவாததை. அப்புறம் விசிறியைக் கழட்டிட்டு, விமானத்தைத் துணி சுத்தி மேசையோட இரும்புப் பிடியில, வைஸ்ல இறுக்கினேன். ரிமோட்டைப் போட்டேன், பேட்டரியைச் செருகினேன். இடது குச்சி, அதான் வேகக் குச்சி, அடியில இருந்துச்சு. மோட்டார் அமைதியா இருந்துச்சு. குச்சியை லேசாத் தள்ளினா லேசாச் சுத்துது, கீழ இழுத்தா நிக்குது. நல்லாத்தான் இருக்கு. சரின்னு ரிமோட்டை அணைச்சேன்.

மோட்டார் ஊளையிட்டுச்சு. முழு வேகம். வைஸே அதிர்ந்துச்சு. பேட்டரியைப் பிடுங்கறதுக்குள்ள எனக்கு முதுகு வேர்த்துப் போச்சு.

உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். ரிமோட்டையும் விமானத்தையும் முதல் முதல்ல இணைக்கிறப்ப, குச்சி எங்க இருக்கோ அதை இந்த மாதிரி விமானம் ஞாபகம் வச்சுக்கும். ரிமோட்டோட தொடர்பு அறுந்தா அந்த இடத்துக்குப் போயிடும். குச்சி அடியில இருக்கிறப்ப இணைச்சிருந்தா, தொடர்பு அறுந்ததும் மோட்டார் நின்னுடும். அதுக்குத்தான் அந்த ஏற்பாடு. நீங்க குச்சியை உச்சியில வச்சு இணைச்சிருக்கீங்க. அதாவது ரிமோட்டை அணைச்சா முழு வேகம். இதை என் கடிதத்துல நான் எழுதல. அது என் தப்பு, எங்க வேணும்னாலும் ஒத்துக்கிறேன். ஆனா ரிமோட்டைக் கடைசியில அணைக்கணும்னு எழுதினேன். விசிறியைக் கடைசியில மாட்டணும்னு எழுதினேன்.

உடனே வீட்டுக்கு வந்து டிராயரைத் திறந்து உங்க சனிக்கிழமைக் கடிதத்தை எடுத்து மீதியைப் படிச்சேன். "நாளை வேலை முடிந்த கையோடு முதல் வேலையாக ரிமோட்டை அணைத்துவிடப் போகிறேன். சிக்கனம்!" உங்க கையெழுத்து. ஆச்சரியக்குறி வேற.

என் தங்கச்சி குச்சியைத் தொடவே வேண்டியதில்ல. அவ தொடவும் இல்ல. தொட்டிருந்தா, குச்சியைக் கீழ இழுத்ததும் நின்னிருக்கும். அன்னிக்கு ரிமோட் யார் கையில இருந்துச்சு? யார் அணைச்சது?

எனக்குப் பதில் எழுத வேண்டாம். யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க.

மச்சான்


மார்ச் 2

மச்சானுக்கு,

தங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு.

ஒருவேளை தாங்கள் சொல்வது மாதிரியும் இருந்திருக்கலாம். இயந்திர விஷயம், நான் மறுக்கவில்லை. அன்றைக்குக் காற்று அதிகமாக இருந்தது. "இன்னைக்கு வேண்டாம், மூடிடலாம்" என்று நான்தான் சொன்னேன். ரிமோட் என் கையில்தான் இருந்திருக்க வேண்டும். தையல்காரம்மா மேசை மேல் பையை விரித்து, ஜிப் எதுவரை வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எல்லாம் ஒரே சத்தம்.

என் நிலையையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுற்றி இருபது பேர். சங்கச் செயலாளர் ஓடிவந்து, "யார் கையில இருந்துச்சு? யார் பண்ணது?" என்று கத்துகிறார். நான் துணைத் தலைவர். அனுமதி கொடுத்ததே நான். தங்கள் தங்கை விமானத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது, "இவதான் தொட்டா" என்று. சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு அது நின்றுவிட்டது. அவளும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அங்கேயே சரிசெய்திருக்கலாம் இல்லையா? அந்த வகையில் அவள் மீதும்...

சரி, அதை விடுங்கள். நடந்தது நடந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இப்போது போய்ச் சொல்வதால் அந்த அம்மாவின் விரல் மடங்கப் போகிறதா? குடும்ப மானம்தான் இன்னொரு தடவை பலகையில் ஏறும். நான் வேறு யோசனை வைத்திருக்கிறேன். எங்கள் கம்பெனியில் முதுகுவலிக்காரர்களுக்காக ஒரு உயர்ரக மெத்தை வந்திருக்கிறது, கடையில் அதுதான் இப்போது முதல் வரிசை. அதை அந்த அம்மாவுக்கு என் அன்பளிப்பாக...

தாங்கள் ஏற்றுக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

மாப்பிள்ளை


மார்ச் 7

மெத்தையா?

கை போனவங்களுக்கு மெத்தை. படுத்துக்கிட்டே தைப்பாங்கன்னா?

உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டாவது தடவை, எங்கயாவது ஒரு இடத்துல அந்த அம்மாவுக்கு வலிச்சுதான்னு எழுதியிருக்கீங்களான்னு தேடினேன். இல்ல. "இருந்திருக்க வேண்டும்" இருக்கு. "நின்றுவிட்டது" இருக்கு. பொய் என்ன, பஸ்ஸா, தானா வந்து நிக்க? "அந்த வகையில் அவள் மீதும்"னு எழுதிட்டுப் புள்ளி புள்ளியா வச்சிருக்கீங்களே, அந்த மூணு புள்ளியைப் பார்க்கிறப்ப, சாப்பாட்டுத் தட்டுல கரப்பான் ஓடின மாதிரி இருந்துச்சு.

உங்க சனிக்கிழமைக் கடிதத்தை நகலெடுத்து உங்க செயலாளருக்கு அனுப்ப எனக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது. உறையில முகவரிகூட எழுதிட்டேன். அப்புறம் கிழிச்சுப் போட்டேன். நான் சொன்னா, "மச்சான் போட்டுக் கொடுத்துட்டான்"னு அதுக்கும் ஒரு சோகக் கதை வச்சிருப்பீங்க. உங்க வாயால வந்த பொய். அதை எடுக்கவும் உங்க வாய்தான் வரணும்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். உங்க மேல மட்டும் இருக்கிற அருவருப்புன்னா எனக்கு இவ்வளவு குமட்டாது. நீங்க ஒரு தடவை போன் பண்ணிச் சொன்னதும் நான் நம்பினேன். உங்க லட்சணம் எனக்குத் தெரியும். அவ லட்சணமும் தெரியும். இருந்தும் நம்பினேன். அவளைக் கூப்பிட்டு, என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்காம, நீயெல்லாம் ஒரு மனுஷியான்னேன். எத்தனையோ தடவை கூப்பிட்டுட்டேன், எடுக்க மாட்டேங்கிறா. எதுக்கு எடுக்கணும்?

விமானத்தைச் சரிசெஞ்சு அனுப்பச் சொல்லியிருந்தீங்க. அதைப் பிரிச்சுட்டேன். மோட்டார் வேற, கம்பி வேற, நுரை வேற. இனி அது பறக்காது.

மச்சான்


மார்ச் 19

மச்சான்,

நேத்து போனேன்.

இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு மூணு தாள் கிழிச்சேன். எல்லாத்துலயும் நான் நல்லவனாத்தான் வந்தேன். அதனால நடந்ததை மட்டும் எழுதுறேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி. தையல்காரம்மா வீட்டுக் கதவு திறந்துதான் இருந்துச்சு. சின்ன அறை. ரெண்டு மெஷின், சுவரெல்லாம் காகித அளவுகள். அந்த அம்மா நாற்காலியில உக்காந்து, மடங்காத ரெண்டு விரலையும் ஒரு கிண்ணம் வெந்நீர்ல வச்சிருந்தாங்க. டாக்டர் சொன்ன பயிற்சியாம். மடக்கப் பாக்கிறப்ப அவங்க முகம் போன போக்கு இருக்கே, எட்டு வாரத்துல அன்னிக்குத்தான் அதை நான் பாக்கிறேன். நான் மேல் மாடியிலதான் இருக்கேன் மச்சான். ரெண்டு மாடி. ஒரு தடவைகூட இறங்கிப் போய்ப் பாக்கல.

உங்க தங்கச்சி மெஷின்ல இருந்தா. நிமிரல. துணி வாங்க வந்த ரெண்டு பொம்பளைங்க நின்னாங்க. அவங்க போகட்டும்னு நினைச்சேன். போனப்புறம் சொன்னா மறுபடியும் அதே புத்திதானேன்னு அவங்க இருக்கிறப்பவே சொன்னேன்.

"அன்னைக்கு ரிமோட்டை அணைச்சது நான். அதனாலதான் அது பாஞ்சுச்சு. என் வீட்டுக்காரி எதையும் தொடல. நான் பொய் சொன்னேன்."

தையல்காரம்மா கிண்ணத்துலேர்ந்து கையை எடுத்துத் துடைச்சாங்க. "தெரியும்"னாங்க.

"தெரியுமா?"

"எனக்குக் கையிலதான் அடி. கண்ணுல இல்ல. நீங்க கட்டை விரலால அந்தப் பொத்தானை அழுத்தினதை நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இந்தப் பொண்ணு சுத்திக்கிட்டிருந்ததைப் பிடிச்சு நிறுத்தாம இருந்தா எனக்கு மீதி மூணு விரலும் இருந்திருக்காது."

அப்பத்தான் உங்க தங்கச்சியோட இடது உள்ளங்கையைப் பாத்தேன். குறுக்கால ஒரு தழும்பு. அன்னிக்கு அவ விமானத்தை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு, வெறுங்கையால பேட்டரியைப் பிடுங்கியிருக்கா. அதைத்தான் நான் எல்லாருக்கும் முன்னாடி காட்டி, "இவதான் தொட்டா"ன்னேன். அவ கையிலயும் ரத்தம் வந்துச்சுன்னு எனக்கு இப்ப வரைக்கும் தெரியாது. ஒரே வீட்டுல பன்னெண்டு நாள் இருந்திருக்கா அதுக்கப்புறம். கட்டு போட்டிருந்திருப்பா. நான் பாக்கல.

"அப்ப ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"அவதான் வேண்டாம்னா. அவரே சொல்றாரா பாப்போம்னா. நான் ஒரு வாரம்னு சொன்னேன். அவ, இல்ல, ரெண்டு நாள்ல வந்துடுவாருன்னா."

உங்க தங்கச்சி அப்பவும் மெஷினை நிறுத்தல. அந்த வரிசைத் தையலை முடிச்சு, நூலைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு, "சொல்லியாச்சு இல்ல, வழியை மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க, வெளிச்சம் வரல"ன்னா. அவ்வளவுதான்.

மன்னிப்புன்னு ஒரு வார்த்தை என் வாயில வந்துச்சு. அந்த அறையில அதைச் சொல்லவே கூச்சமா இருந்துச்சு. நான் தினமும் நாப்பது தடவை சொல்ற வார்த்தை அது. மெத்தை ஒரு நாள் தாமதமா வந்தா சொல்வேன்.

வெளியே வந்து பலகையில இருந்த அவ கடிதத்தைக் கிழிச்சு எடுத்தேன். என்னோடதை ஒட்டினேன். துணைத் தலைவர் பதவியும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். செயலாளர் தோள்ல தட்டி, "பெரிய மனசு சார்"னார். குளிக்கணும் போல இருந்துச்சு.

நான் நல்லவன் ஆயிட்டேன்னு எழுதல. கண்ணாடியில முகத்தைப் பாத்தா ஒட்டுற மாதிரி இருக்கு, பிசுபிசுன்னு. அவ திரும்பி வருவாளான்னு தெரியல. நீங்க பேசினா கேப்பா. ஒரு தடவை வந்து பேசுங்க மச்சான்.

மாப்பிள்ளை


மார்ச் 31

மாப்பிள்ளைக்கு,

இதை உங்க கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போறேன். ரெண்டு நாளா இந்த ஊர்லதான் இருக்கேன், பஸ் நிலையத்துக்கு எதிர்ல ஒரு லாட்ஜ்ல. நேத்து மாடி ஏறி உங்க வாசல் வரைக்கும் வந்தேன். தட்டல. நீங்க சொல்லிட்டீங்க, சரி. ஆனா உங்க முகத்தைப் பாக்க எனக்கு இன்னும் மனசு வரல.

தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். தங்கச்சி "வா"ன்னா. "உக்காரு"ன்னு சொல்லல. பஸ்ல ஆறு மணி நேரம் என்ன சொல்லணும்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன். வந்து நின்னா, "கேக்காம திட்டிட்டேன்"னு மட்டும்தான் வாயில வந்துச்சு.

மெஷினை நிறுத்தினா. என்னைப் பாத்தா.

"அவர் அப்படிச் சொன்னதுல எனக்கு அதிர்ச்சி இல்லண்ணா. பயந்தா வாய்க்கு வந்ததைச் சொல்ற ஆளுன்னு பதினெட்டு வருஷமாத் தெரியும். உன் போன் வந்தப்ப, அப்பாடா, அண்ணன் கேக்கப் போறான்னு நினைச்சேன். என்ன நடந்துச்சுன்னு நீ ஒரு வார்த்தை கேட்டுடுவேன்னுதான் கடைசி வரைக்கும் வைக்காம காதுல வச்சிருந்தேன். நீ மூச்சு விடாம திட்டினே."

அப்புறம் மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டா.

நான் எங்க போறதுன்னு தெரியாம நின்னேன். ஊருக்கெல்லாம் லிஃப்ட்டுல ஏறிப் பாத்துட்டுத்தான் ஆளை ஏத்துவேன்னு உங்ககிட்டப் பீத்தினேனே. அவகிட்ட அந்த ஒரு சோதனைகூட நான் பண்ணல. என் வாயை நினைச்சா எனக்கே ஓங்கரிக்குது.

தையல்காரம்மாதான் சொன்னாங்க, "சும்மா நிக்கிறதுக்கு இந்த நுனியைப் பிடிங்க"ன்னு. ஏதோ ஒரு ஆபீசுக்குத் திரைச்சீலை. நீளமான துணி, கனம். ஒரு நுனியை நான் பிடிச்சுக்கிட்டேன். அவங்க இடது கையால அளவு நாடாவைப் பிடிச்சுச் சொல்லச் சொல்ல, தங்கச்சி குறி போட்டா. நாலு மணி வரைக்கும் பிடிச்சேன். நடுவுல ஒரே தடவை என்கிட்டப் பேசினா. "இழுக்காத. பிடி, போதும்."

நான் பேசினா கேப்பான்னு எழுதியிருந்தீங்க. அந்த நினைப்பை விட்டுடுங்க. உங்களுக்காக எதையும் நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன். எனக்காகவே கேக்க முடியல. நாம ரெண்டு பேரும் இப்ப ஒரே வரிசையிலதான் நிக்கிறோம். யார் முன்னாடி, யார் பின்னாடின்னு எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்.

இன்னும் ஆறு திரைச்சீலை பாக்கி. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு நான் மறுபடியும் தையல்காரம்மா வீட்டுக்குப் போறேன். துணிக்கு ரெண்டு நுனி இருக்கு. இன்னொண்ணைப் பிடிக்கவும் ஆள் வேணும்னு அந்த அம்மா சொன்னாங்க. தங்கச்சி வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல.

வர்றதுன்னா வாங்க. வாயை மட்டும் வீட்டுல வச்சிட்டு வாங்க.

மச்சான்